காட்டோரத்தில் தனியாக மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. நாற்று நட்டாகிவிட்டது, களை எடுத்தாகிவிட்டது, இரண்டு நாள் கை சும்மா இருக்கிறது என்றால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மாட்டுக் கொட்டகை ஓரத்து ஈரமண்ணைக் கிளறி, நாலு மண்புழுவைக் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டு, தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊர் ஏரிக்குப் போனால் கவலையில்லை. அங்கே எந்நேரமும் மாடு கழுவ ஒருவர், துணி துவைக்க ஒருவர் இருப்பார்கள். கால் வழுக்கினால் கை கொடுக்க ஆள் உண்டு. ஆனால், மலையடிவாரத்து ஊர்களில் இருக்கிறவர்கள் ஏரியோடு நிற்பதில்லை. பவானிசாகர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற காட்டோரம், மாயாறு இறங்கி வருகிற பள்ளத்தாக்கு, அமராவதி அணையின் பின்புறம், ஒகேனக்கல்லுக்கு மேலும் கீழும் காவிரிக்கரை என்று போகிறார்கள். அதுவும் தனியாகப் போகிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான்.

"தனியாப் போனாத்தானுங்க மீன் கடிக்கும். நாலு பேர் போனா பேச்சுத்தான் நடக்கும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கரையில் காலை ஓங்கி வைத்தாலே அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும். மீனும் விலகிப் போகும். அதனால் தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் நிறுத்தினால், நீங்கள் வானொலியை அணைத்துவிட்டுத் தனியாகவே போவீர்கள். ஆகவே, போகிறவர் எப்படிப் போகலாம், எப்போது திரும்பலாம் என்பதைப் பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். அது பலருக்குப் பிடிக்காது. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது குற்றம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே அது இருக்கிறது. தண்ணீரில் விஷம் கலக்குவதும் அதே சட்டத்தில் குற்றம்தான். அணைகளில் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். காட்டில் காலங்காலமாய் வாழ்கிற மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மீன் பிடிக்கும் சமூக உரிமை உண்டு. அதற்கும் கிராம சபை மூலமாக மனுச் செய்து, அங்கீகாரம் பெற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் அதிகாரி போல மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. திருட்டுத்தனமாகப் போகிறவன் எந்தத் துறைக்குப் போகிறேன் என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டான். கூப்பிடு தூரத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் உதவி கேட்காமல் ஒளிந்துகொள்வான். கால் முறிந்து கிடந்தாலும் வாய் திறக்க யோசிப்பான். அபராதத்தைக் கட்டிவிடலாம். ஒளிந்து போகிற பழக்கம் ஆளையே கொண்டுபோய்விடும். அனுமதி உள்ள இடத்துக்குப் போகிறவர் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவருக்கு அதுதான் முதல் பாதுகாப்பு.

சொல்லிவிட்டுப் போவது என்றால் எப்படிச் சொல்வது? "மீன் பிடிக்கப் போறேன்" என்பது சொன்னதாகாது. ஆற்றுக்கு முப்பது துறை இருக்கும். எந்தத் துறை, எந்தத் தடத்தில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் என்னைத் தேடலாம் என்ற நான்கையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்றால் டீக்கடையில் சொல்லுங்கள். சுவரில் கரிக்கட்டையால் எழுதிவிட்டுப் போகிற ஒருவரை எனக்குத் தெரியும். 'மேக்கால பள்ளம், ஆலமரத்துத் துறை, சாயங்காலம் 5' என்று எழுதியிருப்பார். திரும்பி வந்ததும் அழித்துவிடுவார். ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். போன பிறகு அந்தத் துறையில் கடி இல்லை என்று அடுத்த துறைக்கு மாறுவீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. சொன்ன இடத்தில் மீன் இல்லை என்றால் வீட்டுக்கு வாருங்கள். நாளைக்கு வேறு இடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். மாயாற்றுப் பள்ளத்தில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. சிக்னலைத் தேடித் தேடி போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். அணைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைப் பையில் வையுங்கள். கூடையில் வைத்தால் வழுக்கி விழும்போது கூடை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். போகும் வழியில் கடைசியாக எந்த மேட்டில் சிக்னல் கிடைத்தது என்று கவனித்துக்கொண்டு போங்கள். ஆபத்தில் நடக்க வேண்டிய திசை அதுதான். 108, 112 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். பக்கத்து வனத்துறை அலுவலகத்தின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கடையில் விற்கிற விசில் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். விழுந்து கிடப்பவனுக்குக் கத்தக் கத்தத் தொண்டை போய்விடும். விசிலை மூச்சு இருக்கிறவரை ஊதலாம். மும்மூன்று முறையாக விட்டுவிட்டு ஊதினால், கேட்கிறவருக்கு இது விளையாட்டு இல்லை என்று புரியும்.

இனி, இன்றைய பேச்சில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன்.

தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயில் சாய்கிறது. திடீரென்று காரணமே இல்லாமல் மனசு ஒரு மாதிரி ஆகிறது. முதுகுப் பக்கம் யாரோ நிற்பது போல இருக்கிறது. ரோமம் சிலிர்க்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இது பலருக்கும் வந்திருக்கும். வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். சொன்னால் ஒரு கூட்டம், "காத்துக் கருப்பு, முனி அடிச்சிடும்" என்று மந்திரிக்கக் கூப்பிடும். இன்னொரு கூட்டம், "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கும். இரண்டு பேச்சும் உங்களுக்கு உதவாது.

நாம் கவனம் எல்லாவற்றையும் தக்கையில் வைத்திருந்தாலும், காதும் மூக்கும் தம் வேலையை விடுவதில்லை. நமக்குத் தெரியாமலேயே அவை கேட்டுக்கொண்டும் முகர்ந்துகொண்டும் இருக்கின்றன. இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த பூச்சியும் குருவியும் சட்டென்று நின்றிருக்கும். 'சத்தம் நின்றது' என்று மனசு வார்த்தையாகச் சொல்லும் முன்பே உடம்பு விறைத்துக்கொள்ளும். காற்றில் மாட்டுத் தொழுவ வாடை மாதிரி, அதைவிடக் கனமான ஒரு வாடை வந்திருக்கும். அது யானை. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியிருக்கும். அதற்கு ஏன் ஆள்காட்டி என்று பேர் வைத்தார்கள்? ஆளோ மிருகமோ நடமாடுவதைக் காட்டிக் கொடுப்பதால்தானே? மரத்து மேலிருந்து மந்தி கரகரத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தினால், கடமான் ஒற்றைக் குரலில் 'டாங்' என்று அடித்தால், புள்ளிமான் கீச்சென்று கூவினால் அவை எதையோ பார்த்துவிட்டன என்று அர்த்தம். காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.

சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் மனசு கலங்கும். ஓடுகிற தண்ணீர்ச் சத்தத்தை வெகுநேரம் கேட்டால், அதற்குள் யாரோ பேசுவது போலவும் பேர் சொல்லிக் கூப்பிடுவது போலவும் தோன்றும். காதில் ஒரே இரைச்சல் விழும்போது, மனசு அதில் தெரிந்த குரலைத் தேடிப் பிடிக்கிறது. அவ்வளவுதான். பசி, வெயில், தூக்கம் கெட்டிருப்பது எல்லாம் சேர்ந்தால் இன்னும் அதிகமாகத் தோன்றும்.

அப்படியானால் எது நிஜமான எச்சரிக்கை, எது வெறும் தோற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க உட்காராதீர்கள் என்பதுதான் என் பதில். மனசு கலங்கினால் முதலில் எழுந்து நில்லுங்கள். குந்தி உட்கார்ந்திருக்கும் மனிதன், தூரத்தில் நிற்கும் சிறுத்தைக்கு ஏதோ சிறு மிருகம் போலத் தெரிவான். எழுந்து நின்றால் மனிதன் என்று தெரிந்து பெரும்பாலும் விலகிப் போய்விடும். நின்றபடி நிதானமாகச் சுற்றிலும் பாருங்கள். தண்ணீர் விளிம்பு, எதிர்க்கரை, முதுகுப் பக்கத்துப் புதர், வந்த தடம் நான்கையும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கலக்கம் போகவில்லை என்றால் நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு நஷ்டம் அரைக் கிலோ கெண்டை.

ஒருமுறை அணைப் பின்புறத்தில் ஒரு விவசாயியோடு இருந்தேன். நல்ல கடி. ஜிலேபி ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. நாலு மணி இருக்கும். அவர் சட்டென்று எழுந்தார். "போலாமுங்க" என்றார். "ஏனுங்க?" என்றேன். "தெரியலீங்க. போலாமுங்க" என்றார். அவ்வளவுதான், வந்துவிட்டோம். அங்கே என்ன இருந்தது, இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது. முப்பது வருஷமாக அந்தக் கரையில் மீன் பிடிக்கிற ஆள் அவர். முப்பது வருஷமாக உயிரோடு இருப்பதற்கு அந்த 'தெரியலீங்க' ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

யானையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மீன் நன்றாகக் கடிக்கிற நேரமும், யானை தண்ணீருக்கு இறங்குகிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும்தான் இரண்டுக்கும். அதிலும் கோடையில் பவானிசாகர் அணை நீர்மட்டம் இறங்க இறங்க, வெளியே தெரிகிற நிலத்தில் பச்சைப் புல் முளைக்கும். கூட்டங்கூட்டமாக யானைகள் அங்கே வரும். சீமைக்கருவேலம் மண்டிய இடங்களில் அதன் காயைத் தின்னவும் வரும். பத்தடி தூரத்தில் நிற்கிற யானையைச் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மறைத்துவிடும். அத்தனை பெரிய உடம்பு நடந்து வருகிற சத்தம் கேட்காதா என்றால், கேட்காது. அதன் பாதம் மெத்தை மாதிரி. பக்கத்தில் ஓடுகிற தண்ணீரின் சத்தம் வேறு.

அதனால் கண்ணை நம்பாமல் தடயத்தைப் பாருங்கள். லத்தி காய்ந்திருக்கிறதா, ஈரமாக, சூடாக இருக்கிறதா? மூங்கில் முறிந்த இடம் வெள்ளையாக, பசையோடு இருக்கிறதா? கரைச் சேற்றில் பதிந்த காலடிக் குழியில் ஊறிய தண்ணீர் தெளிந்திருக்கிறதா, இன்னும் கலங்கலாக இருக்கிறதா? கலங்கலாக இருந்தால் அது போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அன்றைக்கு அந்தத் துறை உங்களுடையது இல்லை. யானை தண்ணீருக்கு இறங்கும் தடம் தேய்ந்து வண்டிப்பாதை மாதிரி அகலமாக இருக்கும். நமக்கு நடக்கச் சுகமாக இருக்கும், உட்காரவும் நிழலாக இருக்கும். அங்கே உட்காரவே கூடாது.

யானைக்குக் கண் கூர்மை குறைவு. மூக்கு மிகக் கூர்மை. காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் அது உங்களை எப்போதோ அறிந்துவிட்டது. தூரத்தில் யானையைக் கண்டால் காதைப் பாருங்கள். காது ஆடிக்கொண்டிருந்தால் அது தன் பாட்டுக்கு இருக்கிறது. காது ஆடுவது நின்று, உடம்பு அசையாமல், தும்பிக்கை உங்கள் பக்கம் நீண்டால் உங்களைக் கவனிக்கிறது. அதற்கு முன்பே நீங்கள் பின்வாங்கியிருக்க வேண்டும். கூச்சல் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், போனில் படம் பிடிக்க நிற்காதீர்கள். தூண்டில், கூடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு, உங்கள் வாடை அதன் பக்கம் போகாதபடி விலகுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. துரத்தினால் பெரிய பாறை மேலோ, பாறை இடுக்குக்கோ போக முடிந்தால் நல்லது. மேல்துண்டையோ சட்டையையோ வீசி எறிந்தால் அதை முகர்ந்து மிதிப்பதற்குள் நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று மலைவாழ் மக்கள் சொல்வார்கள். தண்ணீரில் குதித்துத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். யானை நம்மைவிட நன்றாக நீந்தும்.

கரடிக்கு வேறு கணக்கு. அது கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டு தலையைக் குழிக்குள் விட்டிருக்கும். நாம் வருவது தெரியாது. திடுக்கிட்டால் பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடும். ஆகவே புதர் மண்டிய தடத்தில் நடக்கும்போது இருமிக்கொண்டோ, தடியால் தரையைத் தட்டிக்கொண்டோ நடங்கள். மீன் பிடிக்கிற இடத்துக்குப் போய் மௌனமாக இருக்கலாம். நடக்கிற வழியில் மௌனம் வேண்டாம்.

முதலையும் உண்டு. அமராவதி அணையில் நிறையவே உண்டு. பவானிசாகர், மாயாறு, ஒகேனக்கல் காவிரி, கொள்ளிடம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கரைச் சேற்றில் கனமான எதையோ இழுத்துச் சென்றது போல வழுவழுப்பான தடம் தண்ணீருக்குள் இறங்கினால், அது முதலை வெயில் காய்ந்துவிட்டு இறங்கிய இடம். தண்ணீருக்கு மேல் மூக்கும் கண்ணும்தான் தெரியும், மிதக்கிற கட்டை மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிற பழக்கத்தை அந்த இடங்களில் விட்டுவிட வேண்டும். விளிம்பிலிருந்து தள்டிப் பாறை மேல் நில்லுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குனிந்து மீன் கழுவாதீர்கள். குடலையும் செதிளையும் அங்கேயே போட்டால், மறுநாளும் அங்கே வரச் சொல்லி நாமே முதலைக்குச் சீட்டு அனுப்புகிற மாதிரி. மாசி, பங்குனியில் அது கரை மணலைத் தோண்டி முட்டையிடும். தாய் பக்கத்திலேயே காவலிருக்கும். அந்தப் பருவத்தில் மணல் திட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

யானை, முதலை என்று பேசினால் எல்லோரும் காதைத் தீட்டிக் கேட்பார்கள். ஆனால் தண்ணீரே ஆளைக் கொல்லும் என்பதை மறந்துவிடுகிறோம். மாயாற்றில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேலே நீலகிரியில் மழை கொட்டியிருக்கும். சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசியிலும் இது அடிக்கடி நடக்கும். மழையே இல்லாத நாளில்கூட, மேலே மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் ஆறு ஏறும். இதற்கு நான் சொல்கிற வழி ஒன்று உண்டு. போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அவ்வப்போது அதைப் பாருங்கள். குச்சி நனைந்து ஒரு விரற்கடை ஏறிவிட்டால் போதும், எழுந்துவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வருவது, ஆற்றுச் சத்தம் கனத்துப் போவது எல்லாம் ஒரே சேதிதான். நடு ஆற்றுப் பாறையில் போய் உட்காருவது நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளம் வந்தால் முதலில் தீவாகிப் போவது அந்தப் பாறைதான். கூடையைத் தேடிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

அணைப் பக்கம் இன்னொரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் இறங்கிய இடத்தில் மேலே காய்ந்து வெடித்த வண்டல் மாதிரி தெரியும். கீழே களி இளகிக் கிடக்கும். காலை வைத்தால் முழங்கால் வரை போகும், அசைய அசைய இன்னும் இழுக்கும். தடியை ஊன்றிப் பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் நின்றபடி உதறாதீர்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து, தடியைக் குறுக்கே போட்டு, அதன் மேல் பாரத்தை வைத்துக் காலை மெல்ல மெல்ல உருவ வேண்டும்.

வீச்சு வலை வீசுகிறவர்கள் கயிற்று நுனியை மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கொள்கிறார்கள். வலை அடியில் கட்டையிலோ பாறையிலோ மாட்டி, வெள்ளமும் இழுத்தால் அந்த முடிச்சு உங்களையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் அவிழ்கிற சுருக்குப் போடுங்கள், அல்லது கையில் சும்மா பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் சின்னக் கத்தி ஒன்று இருக்கட்டும். பரிசலில் போகிறவர்கள் மூடி இறுகின ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன் இரண்டைக் கயிற்றில் கட்டி மார்பில் மாட்டிக்கொண்டால், நீந்தத் தெரியாதவரும் மிதப்பார். குடித்துவிட்டுப் போவதைப் பற்றி நான் என்ன சொல்ல? கைகால் வலிப்பு வருகிறவர்கள் மட்டும் எவ்வளவு ஆசை இருந்தாலும் துணை இல்லாமல் தண்ணீரோரம் உட்காரவே கூடாது.

பாம்பு கடித்தால் இறுக்கக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் குச்சி வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். மோதிரம், வெள்ளிக் காப்பு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். போன் கிடைக்கிற இடமானால் 108-க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கிடைக்காத இடமானால் ஓடாமல், மெல்ல நடந்து ஆள் நடமாடும் பாதைக்கு வாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. வேர் தேடிக்கொண்டு திரிகிற நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். பாறையிலும் பெரிய மரத்திலும் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று பார்க்காமல் அடியில் பீடி பற்ற வைக்காதீர்கள், மீன் சுடாதீர்கள். கலைந்தால் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்காமல் ஓட வேண்டும். தண்ணீரில் முங்கினால் மேலே காத்திருந்து கொட்டும்.

இனிச் சொல்லப் போவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆபத்து. காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்காகச் சிலர் மெயின் லைனிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்துக் கம்பி கட்டுகிறார்கள். இருட்டில் குறுக்கு வழியாக ஆற்றுக்குப் போகிறவன் அதில் கால் வைத்தால் அங்கேயே முடிந்தது. கட்டுகிறவர்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஐயா, அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக் காலையில் அந்தக் கம்பியில் கிடப்பது பன்றியா, பக்கத்துத் தோட்டத்துப் பையனா என்பது உங்களுக்குத் தெரியாது. அவுட்டுக்காய் வைக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மீன் பிடிக்கப் போகிறவர்கள் வெளிச்சம் வந்த பிறகு, எல்லோரும் நடக்கிற தடத்தில் போங்கள். வழியில் உருண்டையாகக் கட்டிப் போட்ட எதையும் தொடாதீர்கள், காலால் தள்ளியும் பார்க்காதீர்கள்.

காட்டில் மனிதர்களையும் எதிர்ப்படுவீர்கள். விறகு, ஆடு மேய்ச்சல் என்று வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். உங்களை அங்கே பார்த்த ஆள் ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் மரம் வெட்டுகிறவர்களையோ, துப்பாக்கி வைத்திருப்பவர்களையோ, நீங்கள் பார்த்ததை விரும்பாத முகங்களையோ கண்டால் கேள்வி கேட்காதீர்கள். உற்றுப் பார்க்காதீர்கள். "மீனே இல்லைங்க" என்று சலித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லலாம்.

எத்தனை மணிக்குத் திரும்புவது? மலையடிவாரத்தில் பொழுது மலைக்குப் பின்னால் விழுந்துவிடும். சமவெளியில் ஆறு மணிக்கு இருக்கிற வெளிச்சம் பள்ளத்தில் ஐந்து மணிக்கே போய்விடும். ஆற்றிலிருந்து ஊர் ஒரு மணி நேர நடை என்றால், நாலு மணிக்கு நரம்பைச் சுற்றுங்கள். அந்த நேரத்தில்தான் கடி ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும். விரால் ஒன்று புரண்டு போகும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தோன்றும். விடியற்காலைக் கடிக்கு ஊர் ஏரியை வைத்துக்கொள்ளுங்கள். காட்டாறு பகல் வெளிச்சத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. போனவர் சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகிவிட்டது என்றால், வந்துவிடுவார் என்று இருட்டுகிறவரை காத்திருக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். 112-க்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். மகனை மட்டும் ஒரு டார்ச்சைக் கொடுத்துத் தனியாக அனுப்பிவிடாதீர்கள். தேடப் போகிறவர்கள் நாலைந்து பேராக, காட்டுத் தடம் தெரிந்தவரை முன்னால் விட்டுக்கொண்டு, அவர் சொல்லிவிட்டுப் போன துறைக்கு முதலில் போகட்டும். கூப்பிட்டுக் குரல் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் எல்லோரும் பேசாமல் நின்று கேளுங்கள். விழுந்து கிடக்கிறவரின் குரல் சன்னமாகத்தான் வரும்.

அடுத்த வாரம் இதே நேரத்தில் கோடை உழவைப் பற்றிப் பேசலாம்.